முப்பத்தாறுக்குக் கீழே நூறா, அறுபதா?

உள்ளகப் பயிற்சி நியமனம் வரும் வரைக்கும் வட்டக்கச்சியில் வீட்டோடு இருந்த மாதங்களில்தான் அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் முதற்படிக்குப் படித்தேன். 2022 இலிருந்து அதற்குப் புள்ளி கிடையாது, சித்தியா இல்லையா என்பது மட்டும்தான். அதனால் உயிர்ப்புள்ளியியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தேன். நான்கு சூத்திரம்தானே, பாடமாக்கிவிடலாம் என்ற எண்ணம்.

பயிற்சிக் கேள்வி ஒன்று என்னை நிறுத்தியது. ஒரு நோய் கண்டறியப்பட்ட 100 பேர். ஒவ்வொரு வருட முடிவிலும் உயிரோடு இருப்போர் 80, 60, 48, 42, 36. இரண்டு வருடம் தாண்டிய ஒருவர் ஐந்து வருடமும் தாண்டுவதற்கான நிகழ்தகவு என்ன? 36 வீதம் என்று உடனே போட்டேன். பிழை. விளக்கத்தை வாசித்தேன், சூத்திரம் இருந்தது, விளங்கவில்லை. பிழையென்று ஆனபிறகும் என் விடைதான் சரியென்று பட்டது. ஐந்தாம் வருடத்தில் இருப்பது 36 பேர்தானே?

தம்பி உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறான். நான் உயிரியல் பிரிவு. நிகழ்தகவைச் சாதாரண தரத்தோடு கும்பிட்டு விட்டவள். கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நூறு பேரையும் ஏன் கூப்பிடுறீங்கள்? நாப்பது பேர் முதலே செத்திட்டினம். மிச்சம் அறுபது பேரிட்டத்தான் கேள்வியே."

சரி, 36/60. அறுபது வீதம். மேலே இருக்கும் எண் மாறவில்லை, பகுதியெண் மட்டும்தான் மாறியது. வருடம் வருடமாகப் பெருக்கினாலும் அதுவேதான்: 48/60, 42/48, 36/42 மூன்றையும் பெருக்கினால் நடுவில் இருப்பவை வெட்டுப்பட்டு 36/60 மிஞ்சும். அந்த வெட்டலைக் கையால் ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பழையது. லண்டனில் ஜோன் கிராண்ட் என்ற துணி வியாபாரி 1662 இல் மரணப் பதிவுகளை வைத்து ஒரு அட்டவணை போட்டார். 100 பேரில் 6 வயதில் 64 பேர் மீதி, 16 இல் 40, 26 இல் 25. பிறக்கும்போது 26 ஐ எட்டுவதற்கான நிகழ்தகவு 25 வீதம். 6 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 25/64, கிட்டத்தட்ட 39 வீதம். 16 ஐத் தாண்டியவருக்கு 25/40, அதாவது 62.5 வீதம். ஆபத்தின் பெரும்பங்கு தொடக்கத்திலேயே இருக்கும்போது, அதைக் கடந்தவரின் கணக்கு வேறு. நோயாளி "எனக்கு இன்னும் எவ்வளவு வாய்ப்பு?" என்று இரண்டாம் வருடக் கிளினிக்கில் கேட்டால், முதல் நாள் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்வது பிழை என்பதும் இதனால்தான்.

பிறகு எனக்கு மறுபக்கத்துப் பைத்தியம் பிடித்தது. எந்தக் கேள்வியைக் கண்டாலும் பகுதியெண்ணை மாற்றினேன். "இன்று நோய் கண்டறியப்பட்டவர் மூன்றாம் வருடத்தில் இறப்பதற்கான நிகழ்தகவு" என்று கேட்டால் 12/60 போட்டேன். அவர் இன்றுதானே வந்திருக்கிறார், இன்னும் எதையும் தாண்டவில்லை. 12/100 தான் விடை. கேள்வியில் இருப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடவேண்டும் என்று அதற்குப் பிறகு பழகினேன்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு கோழி பன்னிரண்டு குஞ்சு பொரித்திருந்தது. நான் எண்ணினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "குஞ்சை எண்ணாதை பிள்ளை, பிராந்துக்கும் கீரிக்கும் தப்பினதுதான் கோழி" என்பார். முதல் கிழமையில் மூன்றைப் பிராந்து தூக்கியது. மிச்சம் ஒன்பதில் இரண்டைச் சின்னம்மா கொண்டுபோனார். இரண்டாம் கிழமையில் வீட்டில் நின்ற ஏழில் ஒன்றைக் கீரி பிடித்தது.

ஒரு குஞ்சு இரண்டு கிழமையும் தப்புவதற்கான நிகழ்தகவு என்ன என்று போட்டுப் பார்த்தேன். சின்னம்மாவின் இரண்டையும் என்ன செய்வது? செத்ததாக வைத்தால் 6/12, பாதி. ஆரம்பத்திலிருந்தே இல்லையென்று நீக்கினால் 6/10. இரண்டும் சரியில்லை. முதல் கிழமை முழுக்க அவை எங்கள் முற்றத்தில் உயிரோடு நின்றவை. கப்லான், மயர் என்ற புள்ளியியலாளர்கள் 1958 இல் எழுதிய முறை இதற்குத்தான்: நின்ற வரைக்கும் பகுதியெண்ணில் இருக்கட்டும், போனபிறகு எடுத்துவிடு. 9/12 ஐ 6/7 ஆல் பெருக்கினால் 9/14, சுமார் 64 வீதம். முதல் கிழமை தப்பிய குஞ்சுக்கு என்றால் 6/7. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஏ9 வீதியில் நித்திரை வரவில்லை. பரீட்சை மண்டபத்தில் அழித்தெழுதும் பலகையும் பேனாவும் தந்தார்கள். ஒரு கேள்விக்குச் சராசரி 90 வினாடி. என்ன கேள்வி வந்தது என்று சொல்லக்கூடாதென்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம், ஆகவே சொல்லவில்லை. பலகையில் பல இடங்களில் "யார் நிற்கிறார்?" என்று தமிழில் எழுதினேன் என்பதை மட்டும் சொல்லலாம். சித்தி.

திரும்பி வந்த அன்று அம்மா சொன்னார், சின்னம்மா வீட்டில் ஒன்றையும் பிராந்து கொண்டுபோய்விட்டதாம், மற்றது நல்லா வளருதாம். எப்போது என்று கேட்டேன். கொண்டுபோய் நாலாம் நாளே. அப்படியென்றால் அதுவும் இரண்டாம் கிழமைதான். உள்ளே போய் கொப்பியைத் திறந்து 9/14 ஐ வெட்டிவிட்டு 7/12 என்று எழுதினேன்.