மூன்றாவது முறை வாசித்தபோது கைகொடுத்த லோரைட்டுகள்

நீல் ஸ்டீபன்சனின் 'அனாதெம்' நாவலை மூன்றாவது முயற்சியில்தான் முடித்தேன். 2008-இல் வந்த ஆங்கில நாவல், 900 பக்கங்களுக்கு மேல் போகும். ஆனால் முதல் இரண்டு தடவை என்னை நிறுத்தியது பருமன் இல்லை, சொற்கள். கதை நடப்பது ஒரு கற்பனை உலகத்து மடங்களில்; அங்கே மடத்துக்கு ஒரு புதுச் சொல், துறவிக்கு ஒன்று, அலைபேசிக்குக்கூட 'ஜீஜா' என்று ஒன்று. பக்கத்துக்கு நாலு முறை அருஞ்சொல் பட்டியலைப் புரட்டியே அலுத்துவிட்டது.

இந்த மடங்களில் இருப்பவர்கள் சாமி கும்பிடப் போனவர்கள் அல்ல, கணிதமும் தத்துவமும் படிப்பதற்காக உலகத்தை விட்டு உள்ளே வந்தவர்கள். சிலருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாசல் திறக்கும், மற்றவர்களுக்கு 10, 100, 1000 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

மூன்றாவது தடவை பட்டியலைப் புரட்டும்போது 'லோரைட்' என்ற சொல்லில் நின்றேன். கதையில் பெரிய இடம் இல்லாத சின்னப் பிரிவு. மனித மூளைக்கு எட்டக்கூடிய எண்ணங்களெல்லாம் ஏற்கெனவே யாரோ எண்ணியவைதான் என்று நம்பிய லோரா அதை நிறுவியவர். அவர் வழிவந்தவர்கள் சிந்தனை வரலாற்றையே கரைத்துக் குடித்துவிட்டு, புதிதாகக் கண்டேன் என்று வருகிறவரிடம் இது இன்னார் சொன்னது என்று எடுத்துக் காட்டுவார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, ஒருவர் ஆசையாகக் கொண்டுவருவதை இப்படியா அணைப்பது என்று. யோசித்துப் பார்த்தால் அது பெரிய உதவி: முன்னால் போனவர் எங்கே முட்டி நின்றார் என்று தெரிந்தால் அங்கிருந்து தொடங்கலாம், பழைய பாதையையே மறுபடி வெட்டி வருஷங்களைத் தொலைக்க வேண்டாம். நம் நன்னூல் முதல்நூலோடு, அதைப் பின்பற்றி எழுதப்படும் வழிநூலுக்கும் மரியாதையாக இடம் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன்.

சரி, நானும் லோரைட் மாதிரியே படிக்கலாம் என்று ஒரு நோட்டு போட்டேன். சொல்லுக்கு அர்த்தம் தேடுவதை விட்டுவிட்டு, இந்த எண்ணம் நம் உலகில் யாருடையது என்று மட்டும் எழுதினேன். அட்ரகோனின் தேற்றமா, பிதாகரஸ். கார்டனின் துலாக்கோல் என்றால் ஆக்கமின் கத்தி, அதாவது தேவையில்லாத ஊகங்களை வெட்டிவிடு என்ற விதி. ஹைலியக் கோட்பாட்டு உலகம் பிளேட்டோவின் வடிவங்கள், அதாவது கண்ணில் படும் பொருள்களுக்கு அப்பால் தனியாக இருக்கும் மாறாத மூல உருவங்கள். இதைக் கண்டுகொண்ட பிறகு நடுவில் வரும் நீண்ட விவாதங்கள், முன்பு நான் தள்ளிவிட்டுப் போயிருக்கக்கூடியவை, கதையைவிடப் பிடித்துப்போயின. எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கவில்லை, சில வரிகளில் இன்னும் கேள்விக்குறிதான்.

அப்புறம் பின்னிணைப்பு. ஒரு சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்குவது எப்படி என்று கதைசொல்லி எராஸ்மாஸ் ஒருவனுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டே புரியவைக்கிறான். நானும் நோட்டில் வரைந்தேன்: பக்கத்தை இரட்டித்தால் பரப்பு நாலு மடங்காகிறது, மூலைவிட்டத்தின் மேல் சதுரம் கட்டினால் சரியாக இரண்டு மடங்கு. பிளேட்டோவின் 'மேனோ' என்ற உரையாடல் நூலில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனுக்குக் காட்டியது இதேதான். படத்துக்குக் கீழே 'மேனோ' என்று எழுதி நோட்டை மூடினேன்.