கார் ஸ்டீரியோ ஈக்வலைசர்: ஏற்றாமல் இறக்கிப் பார்த்த அனுபவம்

என் காரில் பாட்டுக் கேட்டால் குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல இருக்கும். தாளம் மட்டும் தம் தம்மென்று முன்னால் வந்து நிற்கும். சத்தத்தைக் கூட்டினால் காது குத்தும். ஸ்பீக்கர் மாற்றுவதையும் தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) போடுவதையும் பற்றி யோசிக்கும் முன், ஸ்டீரியோவிலேயே இருக்கும் 13 பேண்ட் ஈக்வலைசரை, அதாவது ஒலியை 13 சுருதிப் பகுதிகளாகப் (பேண்ட்) பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதியைப் பொறுமையாக உட்கார்ந்து செட் செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். இதுவரை செய்ததையும் கிடைத்த பலனையும் எழுதி வைக்கிறேன்.

முன் கதவுகளில் ஆறரை இன்ச் ஸ்பீக்கர், அதற்கு மேலே கண்ணாடி மூலையில் டுவீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), பின் கதவுகளில் சாதாரண ஸ்பீக்கர். சப்வூஃபர் (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கிடையாது, தனி ஆம்பும் கிடையாது.

முதல் வேலை, எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. ஸ்டீரியோவில் இருந்த பிரீசெட், பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் மூன்றையும் அணைத்தேன். போனிலும் பாட்டு ஆப்பிலும் தனித்தனியாக ஒரு ஈக்வலைசர் ஒளிந்திருக்கும், அதையும் அணைக்க வேண்டும். லவுட்னஸை ஏன் அணைக்கச் சொல்கிறேன் என்றால், குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ், அதாவது அடி ஒலி, சரியாக எட்டாது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து வரைபடமாகவே போட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் லவுட்னஸ் பட்டன். வால்யூம் மாற மாற அது சேர்க்கும் அளவும் மாறும் என்பதால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது எதை அளந்தாலும் கணக்கு நிற்காது.

அப்புறம் ஸ்பீக்கர் ஒயர். முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றுக்கு பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். எந்த ஈக்வலைசராலும் அதை மீட்க முடியாது. ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் செட்டிங்) முழுக்க முன்னால் தள்ளி, ஒரே ஒரு ஆள் பேசுகிற மோனோ ஒலியைப் போட்டால் தெரிந்துவிடும். குரல் ஒரு இடத்தில் திரண்டு நின்றால் சரி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவிக் கிடந்தால் ஒயரைப் பார்க்க வேண்டும். எனக்குத் திரண்டுதான் நின்றது, ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் பக்கமாகச் சாய்ந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு அளவுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டிவிடும் ஹை பாஸ் ஃபில்டரை 63 ஹெர்ட்ஸில் வைத்தேன். கதவு ஸ்பீக்கரால் அதற்குக் கீழே உருப்படியாக வாசிக்க முடியாது. கோன் வீணாக ஆடி மற்ற ஒலிகளையும் கலங்கடிக்கும். இதைப் போட்டதுமே, அதே வால்யூமில் ஒலி தெளிந்தது.

இனி ஈக்வலைசர். இதில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட ஒரே விதி: முதலில் இறக்கு. ஒரு பேண்டை 3 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு, 12 என்றால் ஏறக்குறைய பதினாறு மடங்கு. பெட்டியில் 50 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், இந்த மாதிரி ஸ்டீரியோ ஒரு சேனலுக்குத் தொடர்ந்து தரக்கூடியது 20 வாட்டை ஒட்டித்தான். பேஸை ஏற்றிவிட்டு வால்யூமையும் கூட்டினால் ஆம்ப் தன் எல்லையை முட்டி ஒலியின் உச்சிகளை வெட்டிவிடும் கிளிப்பிங் வந்துவிடும். காது குத்துவதில் பாதிக்குக் காரணம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அளப்பதற்கு பிங்க் நாய்ஸ் போட்டேன். ஒவ்வொரு ஆக்டேவிலும் (ஹெர்ட்ஸ் இரட்டிக்கும் ஒவ்வொரு படியிலும்) ஒரே அளவு ஆற்றல் இருக்கும் இரைச்சல் அது. போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடியே போனைத் தலையைச் சுற்றி மெதுவாக நகர்த்தி சராசரி எடுத்தேன். ஒரே இடத்தில் பிடித்து அளந்தால் ஒரு சாண் தள்ளி வேறு படம் வரும். போன் மைக் அடி பேஸுக்கு நம்பகமானதில்லை. ஆனால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்க்க அது போதும்.

மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. 125 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய மேடு, 300-ஐ ஒட்டி ஒரு பள்ளம், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு மேடு.

பள்ளத்தை நிரப்பலாமே என்று 315 பேண்டை 4 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். படம் அசையவே இல்லை. பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளி ஒரே ஸ்பீக்கரை மட்டும் பாடவிட்டால் பள்ளமே இல்லை, இரண்டும் சேர்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது. அப்படியென்றால் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் என் காதருகே ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. டேப் எடுத்து அளந்தேன். பக்கத்து ஸ்பீக்கருக்கும் எதிர்ப்பக்க ஸ்பீக்கருக்கும் தூர வித்தியாசம் 57 செ.மீ. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 57 செ.மீ. அரை அலைநீளமாக அமைந்து ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுவது சரியாக 300 ஹெர்ட்ஸில். கணக்கும் படமும் இப்படி ஒத்துப்போனபோது வந்த சந்தோஷம் தனி. அந்த பேண்டை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனியாகத் தாமதப்படுத்தும் டைம் அலைன்மென்டில் பக்கத்து ஸ்பீக்கரை 57 செ.மீ. அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 1.7 மில்லிசெகண்ட், தாமதப்படுத்தினேன். பள்ளம் பெருமளவு தூர்ந்தது. அதைவிட முக்கியம், என் பக்கம் சாய்ந்திருந்த குரல் டேஷ்போர்டு நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இந்த அமைப்பு முன்பைவிட மோசமாக இருக்கும். தனியாகப் போகும்போது இதை வைத்துக்கொள்கிறேன், ஆள் இருந்தால் அணைத்துவிடுகிறேன்.

125 மேட்டுக்கும் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. கதவுக்குக் கதவு காரின் உள்ளகலம் சுமார் 140 செ.மீ. அதன் இரண்டு மடங்கு நீளமுள்ள அலை இரு கதவுகளுக்கும் இடையில் சரியாகப் பொருந்தி வீங்கும்; அது 122 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் கதவிலேயே இருப்பதால் அந்த ஒலியை நன்றாகக் கிளப்பிவிடுகிறது. 125 பேண்டை 5 டெசிபல் இறக்கினேன். மிருதங்கத்தில் இதன் பலன் துல்லியமாகத் தெரிந்தது. முன்பு தொப்பியில் (மிருதங்கத்தின் அடி ஒலி தரும் இடப்பக்கம்) விழும் ஒவ்வொரு அடியும் ஒரே சுருதியில் பொம் பொம்மென்று கேட்டது. இப்போது வித்வான் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கி தனியாக வளைந்து போவது கேட்கிறது. வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடியும் அதோடு மோதாமல் நிற்கிறது. மொத்த வேலையிலும் என்னை அதிகம் மகிழ்வித்தது இந்த ஒரு பேண்ட்தான்.

3.15 கிலோஹெர்ட்ஸை 3 டெசிபல் இறக்கினேன். காதுத் துளையின் அமைப்பால் நாம் இயல்பாகவே கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேரும்போது குத்தத் தொடங்கிவிடும். பாடகர் ‘ஸ’, ‘ஷ’ சொல்லும் இடங்களில் சீறல் மிச்சமிருந்ததால் 8 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் இறக்கினேன். 12.5-ஐத் தொடவில்லை.

இறக்கிய பிறகு ஒப்பிடும்போது வால்யூமைச் சமன் செய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். சத்தம் கூடுதலாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். ஒரு பேண்டை இறக்கிவிட்டு உடனே ‘டல்லாகிவிட்டது’ என்று முடிவு கட்டினால் நல்ல செட்டிங்கும் கைவிட்டுப் போய்விடும்.

இன்னொன்று, படம் ரூலர் வைத்த மாதிரி நேர்கோடாக வர வேண்டும் என்று போகக் கூடாது. அப்படியும் ஒருமுறை வைத்துக் கேட்டேன். சத்து இல்லாமல், விறைப்பாக இருந்தது. பேஸ் பக்கம் 6, 7 டெசிபல் உயர்ந்து, மேலே போகப் போக மெல்ல இறங்கும் கோடுதான் காரில் இயல்பாகக் கேட்கிறது.

வண்டி ஓடும்போது கணக்கு மீண்டும் மாறுகிறது. டயர் இரைச்சலும் எஞ்சின் இரைச்சலும் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேதான், அவை பேஸை மூடிவிடுகின்றன. அதனால் இரண்டாவது மெமரியில் இதே செட்டிங்கை வைத்து, 80 ஹெர்ட்ஸை மட்டும் 2 டெசிபல் ஏற்றியிருக்கிறேன். நான் ஏற்றிய ஒரே பேண்ட் இது. ஓட்டிக்கொண்டே பட்டனைத் தொடுவதில்லை, கேட்டு வைத்துக்கொண்டு ஓரங்கட்டிய பிறகுதான் மாற்றுகிறேன்.

இடையில் ஒரு கதவு சில பாட்டுகளுக்கு மட்டும் ‘ட்ர்ர்’ என்றது. 40-இல் இருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, டோர் பேடைக் கையால் அங்கங்கே அழுத்திப் பார்த்ததில் லாக் கம்பி உள்ளே தகட்டில் உரசுவது தெரிந்தது. ஃபோம் டேப் ஒரு துண்டு சுற்றியதும் நின்றுவிட்டது.

பின் ஸ்பீக்கர்களை இன்னும் தொடவில்லை. இப்போது ஃபேடர் முழுக்க முன்னால்தான் இருக்கிறது. குரல் நடுவிலேயே நிற்கும்படி, பின்னால் எவ்வளவு சத்தம் சேர்க்கலாம் என்று ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பார்ப்பது அடுத்த வேலை.