கடைக்குட்டிதான் முதலில் பேச வேண்டும்

ராணுவ நீதிமன்றமான கோர்ட் மார்ஷலில் ஒரு விதி உண்டு. தீர்ப்பை முடிவு செய்ய உட்காரும்போது உறுப்பினர்களில் பதவியில் மிக இளையவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். கர்னல் ஒன்றைச் சொன்ன பிறகு கேப்டன் மாற்றிச் சொல்ல மாட்டான் என்று தெரிந்தே போட்ட விதி அது. கேப்டனாக இருந்தபோது ஒரு முறை நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் வேறு யூனிட்டைச் சேர்ந்த இன்னொரு கேப்டன். கதவைச் சாத்தியதும் மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டை வறண்டுவிட்டது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்காருகிறோம்.

சிப்பாய் தப்பு செய்தால் கதை வேறு. தொப்பி, பெல்ட்டைக் கழற்றி யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ. முன்னால் நிறுத்துவார்கள். 28 நாள் சிறைவரை அங்கேயே முடிந்துவிடும். அதிகாரியை அப்படித் தண்டிக்க சி.ஓ.வுக்கு அதிகாரம் இல்லை. ஃபைல் மேலே போகும், போய்க்கொண்டே இருக்கும்.

பின்னாளில் இளம் அதிகாரிகளுக்கு ராணுவச் சட்டம் எடுக்கும் வேலை வந்தது. சட்டப் பிரிவுகளை மட்டும் வாசித்தால் பின்வரிசை தூங்கிவிடும். அதனால் இபோ மக்களின் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிந்ததில் மூண்ட நைஜீரிய உள்நாட்டுப் போரைக் கையில் எடுப்பேன். 1964இல் கடூனாவில் தொடங்கிய அவர்களுடைய ராணுவ அகாடமியை ஆரம்பத்தில் நடத்தியவர்கள் நம் அதிகாரிகள்தான் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1967 ஜூலையில் போர் தொடங்கியபோதே நைஜீரியாவின் ராணுவ ஆட்சித் தலைவர் கோவோன் தன் படைக்கு நடத்தை விதிகளை வெளியிட்டார். கர்ப்பிணிகளை, குழந்தைகளைத் தொடாதே, சரணடைந்தவனைக் கொல்லாதே என்று தெளிவாக இருக்கும். அக்டோபரில் ராணுவம் நைஜர் நதிக்கரையில் இருக்கும் இபோ ஊரான அசாபாவுக்குள் நுழைந்தது. ஊர்க்காரர்கள் வெள்ளை உடுத்தி, 'ஒரே நைஜீரியா' என்று பாடி ஆடியபடி வரவேற்க வந்தார்கள். ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்துச் சுட்டார்கள். செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

அடுத்த வருடம் ஒரு லெப்டினன்ட், பிடிபட்ட இபோ இளைஞன் ஒருவனைச் சுட்டார். அது வெளிநாட்டு டிவி கேமராவில் பதிவானது. விசாரணை முடிந்து பெனின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதைப் படம் பிடிக்கவும் கேமரா வந்திருந்தது. கேமரா தயாராகவில்லை என்று தண்டனையைச் சற்று நிறுத்திவைத்தார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்தத் தண்டனை ஒழுங்குக்கா, படத்துக்கா?

ஒரு பேட்சில் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் கேட்டான்: "சார், அசாபாவுக்கு யாரைத் தண்டித்தார்கள்?"

யாரையும் இல்லை என்றேன். அப்புறம் காரணத்தையும் சொன்னேன். 1966இல் அடுத்தடுத்து இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்ததில் மூத்த அதிகாரிகள் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சிய தளபதிகளைப் பகைத்துக்கொள்ள அன்றைய தலைநகர் லாகோஸில் இருந்த அரசுக்குத் தெம்பு இல்லை. அசாபாவுக்குப் போன டிவிஷனின் தளபதி முர்தாலா முகமது, மேலிடத்தின் பேச்சைக் கேட்காமல் நைஜர் நதியைத் தாண்டி அக்கரையில் பியாஃப்ராவின் நகரான ஒனித்ஷாவைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போய் ஏகப்பட்ட ஆட்களை இழந்தார். அதற்கே அவரை ஒன்றும் செய்யவில்லை. 1975இல் அவர்தான் நாட்டின் தலைவர்.

"அப்படியானால் அந்த லெப்டினன்ட்?" என்றான் பையன்.

லெப்டினன்டுக்கு மேலே நிறையப் பேர் இருந்தார்கள், முர்தாலாவுக்கு மேலே யாரும் இல்லை என்றேன். லாகோஸ் விமான நிலையத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.