ரெட் வாங்கினது அவன்

"ரெட் வாங்கினது அவன். நான் இன்னா சார் பண்ணேன்?"

கோட்டோரம் வந்து நின்று அவன் கேட்டது இவ்வளவுதான். "நீ ஒண்ணும் பண்ணலடா, உக்காரு" என்றேன். அந்தப் பள்ளிக் கால்பந்து ஆட்டம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் காலையில் பல் தேய்க்கும்போது அந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில்கள் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கோல் முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் எங்கள் ஸ்டாப்பருக்கு, அதாவது நடுவில் நின்று தடுக்கிறவனுக்கு, இரண்டாவது மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள் என்றால் ரெட், வெளியே போக வேண்டியதுதான். சட்டையைப் பிடித்து இழுத்தான், ரெஃப்ரியைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் 25 நிமிடம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பேர் பதினோரு பேருடைய ஓட்டத்தை அந்த வெயிலில் ஓட வேண்டும்.

பி.டி. வாத்தியார் யாரைக் கேட்டாலும் அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவார். பின்னால் நாலு, அதற்கு முன்னால் நாலு, மேலே ஒருத்தன். இரண்டு வரிசையும் ஒட்டி நிற்க வேண்டும். ஓரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு நடுவை அடைக்க வேண்டும். ஸ்டாப்பர் இடத்துக்கு ஒரு ஆள் உள்ளே போனால், முன்னால் ஆடும் ஒருத்தன் வெளியே வர வேண்டும். வலது ஓரத்தில் முன்னால் ஆடும் ரைட் அவுட்டைக் கூப்பிட்டேன். அன்று எங்கள் பக்கம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் பந்து போய்விட்டால் திரும்பி ஓடி வரமாட்டான். இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். நான் கூப்பிட்டதற்குக் காரணம் அதுதான். அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

அவன் உடனே உட்காரவில்லை. முதலில் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. எங்களிடம் ஸ்டட் ஷூ இருப்பதே பதினோரு ஜோடி. வெளியே வருகிறவன் உள்ளே போகிறவனுக்குக் கொடுத்தாக வேண்டும். ரெட் வாங்கியவனுடையது பத்தாம் நம்பர், மாற்று ஆட்டக்காரனுக்குப் படகு மாதிரி இருக்கும். இவனுடையது ஏழு. லேஸைப் பாதத்துக்கு அடியில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். வியர்வையில் முடிச்சு இறுகிப்போய் விரலுக்கு அகப்படவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தான். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் "சீக்கிரம்டா" என்கிறேன். தப்பே செய்யாத பையன், தன் ஷூவைத் தானே பல்லால் அவிழ்த்து இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு வேப்பமரத்தடிக்கு நடந்தான்.

பையன்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பார்சிலோனா மைதானத்தில் இன்டர் மிலான். 28ஆவது நிமிடத்தில் இன்டரின் தியாகோ மோட்டாவுக்கு சிவப்பு. அதற்குப் பிறகு முழு நேரமும் கோட்டை கட்டி நின்றார்கள். 1-0 என்று தோற்றும், இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து 3-2 கணக்கில் இறுதிக்குப் போனார்கள். கோல் அடிப்பதே தொழிலாக இருந்த எட்டோ அன்று பின்னால் நின்று தடுக்கும் பேக் மாதிரி ஓரத்தில் ஓடி ஓடித் தடுத்தார். "எட்டோவே செய்யும்போது உனக்கு இன்னாடா?" என்று கேட்பேன். பிற்பாடுதான் உறைத்தது, இன்டரின் பயிற்சியாளர் மொரின்யோ எட்டோவை வெளியே கூப்பிடவில்லை. பின்னால் வா என்றார், எட்டோவும் வந்தார், கிட்டத்தட்ட கடைசி வரை மைதானத்தில் இருந்தார். நான் என் பையனிடம் ஒரு தடவையாவது பின்னால் வா என்று சொல்லிப் பார்த்தேனா? சொல்லவில்லை. வரமாட்டான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் 25 நிமிடம் மிச்சமிருக்கும்போது யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

மேலே உயரமான பையனை விட்டிருந்தேன், பந்தைப் பிடித்து நிறுத்துவான் என்று. பிடித்தான், திரும்புவதற்குள் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் அடித்து விரட்டிய பந்தெல்லாம் சுவரில் பட்டது மாதிரி திரும்பி வந்தது. ரைட் அவுட் இருந்திருந்தால் மூலைக்கொடிவரை துரத்திக்கொண்டு ஓடியிருப்பான், மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும். கடைசியில் அடைக்காத பக்கத்திலிருந்து ஒரு கிராஸ், புது ஸ்டாப்பர் அரை அடி பிந்தினான், கோல். "காலு கடிச்சிது சார்" என்றான் அப்புறம்.

பெனால்டியில் ஜெயித்தோம். நாங்கள் பத்துப் பேர் என்பதால் பெனால்டிக்கு எதிர் அணியும் ஒரு ஆளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி தெரியாமல் அவர்கள் குழம்பியது எங்களுக்கு லாபம். தலைமையாசிரியர் பிரேயரில் என் சமயோசிதத்தைப் பாராட்டினார். ஜெயித்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. தோற்றிருந்தால் கேட்டிருப்பார்கள், நானும் பதில் சொல்லித் தீர்த்திருப்பேன். ரெட் வாங்கியவன் ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தான், அதற்கடுத்த ஆட்டத்தில் அவன்தான் கேப்டன்.

ரைட் அவுட் பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. இப்போது பந்து போனால் முதலில் திரும்பி ஓடுகிறவன் அவன்தான். நான் கேட்ட பழக்கம்தானே, சந்தோஷப்படத்தான் வேண்டும். போன வாரம் வலது ஓரத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. முன்னால் ஒருத்தரும் இல்லை. பந்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "போடா, போ!" என்று நான் கத்துவதற்குள் பின்னால் இருந்த பேக்குக்குத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினான்.