கிளினிக்குக்கு முந்தின ராத்திரி

"மனக்கவலை இருக்கா?" என்று கேட்டால், புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் தேயிலைத் தோட்டத்து அம்மாமார் பெரும்பாலும் "அப்படியெல்லாம் இல்லீங்க" என்பார்கள். "நெஞ்சு அடைக்குதா, ராவுல முழிச்சுக்கிட்டே கெடக்கிறீங்களா?" என்று கேளுங்கள், பேச்சு வரும். தாளில் ஒரு காய்ச்சல்மானியை வரைந்து, 0 முதல் 10 வரை குறித்து, இந்த ஒரு கிழமையாக மனக்கஷ்டம் எந்த அளவில் நிற்கிறது என்று விரல் வைக்கச் சொல்லலாம். 4க்குக் குறையாவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். பசியின்மையையும் அசதியையும் மட்டும் வைத்து மனச்சோர்வு என்று முடிவு கட்டாதீர்கள். புற்றுநோய் மருந்தாலும் அவை வரும். "பேத்தி மடியில வந்து உக்காந்தாகூட சந்தோஷம் வரலியா?" என்பது இன்னும் நல்ல கேள்வி.

முதலில் உடம்பு. வலி அடங்காதவரிடம் மனதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோனை மாலையில் விழுங்கினால் தூக்கம் கெடும். காலையில் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாய்ப்புற்றுக்காகக் கழுத்தில் கரண்ட் (கதிர்வீச்சு) பிடித்தவர் மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தால் தைராய்டையும் சோதிக்க வேண்டும்.

அப்புறம்தான் பேச்சுச் சிகிச்சை. மனதில் சுற்றுவதையெல்லாம் சொல்லவிட்டு எழுதுங்கள்: பேர் (நாள் சம்பளம்) போகுது, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் காசு, பிள்ளையை யார் பார்ப்பது, டாக்டர் என்ன சொல்வாரோ. நம் கையில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, யார், என்றைக்கு, என்ன செய்வது என்று முடிவாக்குங்கள். ஒரேயடியாக நாலைத் தொட்டால் "நம்மால முடியல" என்ற நினைப்புதான் மிஞ்சும். டாக்டர் சொல்லப்போவது நம் கையில் இல்லை. அந்தக் கவலைக்கு மாலை ஐந்து மணிக்குக் கால்மணி நேரம் ஒதுக்கி, பாயில் படுத்ததும் வந்தால் "நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்று தள்ளிப்போடப் பழக்குங்கள். முதல் கிழமை தள்ளாது. அதற்காக விட்டுவிட வேண்டாம்.

வீட்டார் பாசத்தில் செய்யும் தவறு ஒன்று: "நீ உக்காரு" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது. கீரை ஆய்வதையாவது திருப்பிக் கொடுங்கள். பத்து நிமிடம் போதும். செய்வதற்கு முன்னும் பின்னும் மனசுக்கு எத்தனை என்று 10க்குக் குறித்துப் பார்க்கலாம். தெம்பான நாளில் வீடு முழுக்கக் கழுவினால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான்.

லயம் என்பது ஒட்டியொட்டி நிற்கும் வரிசை வீடு; சுவருக்கு மறுபக்கம் எல்லாம் கேட்கும். போனில் பேசுவதென்றால், மற்றவர்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு காலை ஒன்பது மணிபோல வைத்துக்கொள்ளுங்கள். சாக நினைப்பு உண்டா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வராது. உண்டு என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள், இலங்கையின் உளநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள்.

மார்புப் புற்றுக்கு டமொக்ஸிஃபென் குடிப்பவர் உளநல கிளினிக்கிலும் அதைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஒக்ஸெடின், பரொக்ஸெடின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கக்கூடியவை; வேறு மருந்து எழுத வழியிருக்கிறது. இரண்டு இடத்திலும் இரண்டு கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள்.