போன் எண்ட ஊரும் ஒரு பழஞ்சைக்கிளும்

பிரான்சிலை நான் இருக்கிற ஊரின்ரை பேரே போன் (Beaune) தான். வந்த அண்டைக்கு அம்மாவுக்கு எடுத்து "அம்மா நான் இப்ப போனிலை இருக்கிறன்" எண்டு சொல்ல, "அது தெரியுது, போனிலை தானே கதைக்கிறாய், எங்கை நிக்கிறாய் எண்டு சொல்லு" எண்டா. விளங்கப்படுத்தவே பத்து நிமிசம் போச்சு.

அதுக்கு முதல் எட்டு வருசம் பாரிசுக்குப் பக்கத்திலை லா கூர்னேவ், ஒரு ரூமுக்கை நாலு பேர், சாமான் வாங்க எங்கடை தமிழ்க்கடையள் இருக்கிற லாச்சப்பல், வேலை கோப்பை கழுவுறது, பிறகு மரக்கறி வெட்டுறது, பிறகு ஒரு மாதிரி அடுப்படிக்கு ஏறியாச்சு. 2017ல தான் ஒரு சிநேகிதன் சொன்னான், வைனுக்குப் பேர்போன பூர்கோஞ் பக்கம் ஒரு ரெஸ்ரோரன்ருக்கு குசினிக்கு ஆள் தேவையாம், போறியோ எண்டு. ஓம் எண்டு வெளிக்கிட்டாச்சு. வந்த பிறகு தான் பிரச்சினை தெரிஞ்சுது. வீடு போனிலை, வேலை மெர்சோ எண்ட கிராமத்திலை, இடையிலை 8 கிலோமீற்றர் அளவிலை இருக்கும், இரவு 11 மணிக்கு குசினி கழுவி முடிச்சு வெளியிலை வந்தா ஒரு பஸ்சும் இல்லை, என்னட்டை லைசென்சும் இல்லை. கூட வேலை செய்யிற பெடியன் ஒரு மாசம் ஏத்திக்கொண்டு வந்து விட்டவன், அவன்ரை மனிசி முறைக்கத் தொடங்க நானே வேண்டாம் எண்டிட்டன்.

இஞ்சை கிராமங்களிலை ஞாயிற்றுக்கிழமையிலை பரணிலை கிடக்கிற பழைய சாமானெல்லாத்தையும் ரோட்டிலை பரப்பி வைச்சு விப்பினம், அங்கை ஒரு கிழவரிட்டை 40 ஈரோவுக்கு ஒரு சைக்கிள் வாங்கினன். பின்னாலை நல்ல கரியர், அதுக்காகத் தான் வாங்கினது. கரியர் இல்லாட்டி அது என்ன சைக்கிள்? "சைக்கிள் ஓடவோ உவ்வளவு காசைக் குடுத்து பிரான்சுக்குப் போனனீ?" எண்டு அம்மா கேட்டா. ஞாயமான கேள்வி தான், சண்டைக் காலத்திலை யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லாமல் அரிசி மூட்டை, விறகு, சுகமில்லாத மனுசர் எல்லாம் சைக்கிளிலை போன ஊராள் அவ, அவவுக்கு சைக்கிள் எண்டா கஸ்ரகாலம்.

போனிலை இருந்து சான்த்னே வரைக்கும் முந்திரிகை (திராட்சை)த் தோட்டங்களுக்கு உள்ளாலை ஒரு பாதை போகுது, 20 கிலோமீற்றர் மட்டிலை. பொம்மார், வொல்னே, மெர்சோ, அங்காலை பியூலினி, ஷாசாஞ் எண்டு வரிசையா ஊருகள். சைக்கிளுக்கெண்டு புதுசா போட்ட பாதை இல்லை, முக்கால்வாசி தோட்டக்காரர் ரக்ரர் ஓடுற ஒடுக்கமான ரோட்டு, ரக்ரர் வந்தா நாங்கள் தான் ஒதுங்கோணும். அந்த ரக்ரரும் ஒரு விசித்திரம், கால் நீட்டி உயரமா நிக்கும், ஒரு வரிசைச் செடியைக் காலுக்கு நடுவிலை விட்டுட்டு மேலாலை போகும். வரிசைக்கு வரிசை ஒரு மீற்றர் தான் இடைவெளி, ஒரு ஹெக்ரயருக்கு 10,000 செடி எண்டு கணக்கு, வேற எப்பிடிப் போறது.

முதல் கிழமை இரவிலை வரேக்கை சரியான பயம். கள்ளருக்கு இல்லை, பேய்க்கும் இல்லை, அந்த அமைதிக்கு. எங்கடை ஊரிலை இரவிலை ரோட்டு அமைதியா இருந்தா ஏதோ நடந்திட்டுது, இல்லாட்டி நடக்கப்போகுது. நாய் குலைக்கிறதை வைச்சு ஆர் வாறாங்கள், எந்த ஒழுங்கையாலை வாறாங்கள் எண்டு சொல்லுவம். இஞ்சை ஒரு நாயும் குலைக்கேல்லை. செயின் சத்தமும் என்ரை மூச்சும் தான். நான் அண்டைக்குச் சமைச்ச சாப்பாட்டுப் பேரெல்லாம் சத்தமாச் சொல்லிக்கொண்டு ஓடுவன், ஆரும் கேட்டிருந்தா விசர் எண்டிருப்பினம். இரவிலை ஊருக்கு வெளியிலை ஓடுறதெண்டா மினுங்குற மஞ்சள் சட்டை போடோணும் எண்டு இஞ்சை சட்டம், அதைப் போட்டுக்கொண்டு தனிய மெனு சொல்லிக்கொண்டு போற ஆளை யோசிச்சுப் பாருங்கோ.

முந்திரிகையும் எங்கடை முந்திரிகை மாதிரி இல்லை. நாங்கள் பந்தல் போட்டு அண்ணாந்து பாக்கிறது, இஞ்சை கம்பி கட்டி இடுப்பளவிலை வளக்கிறாங்கள், குனிஞ்சு தான் வெட்டோணும், செப்ரெம்பரிலை வெட்ட வாற ஆக்களின்ரை நாரியைக் கேட்டுப் பாருங்கோ. ஒருக்கா ஒரு பெட்டை வெட்டின குலை ஒண்டு தந்தவள், சிவப்பு வைனுக்குரிய பினோ நுவார், பழம் சின்னன், உள்ளை கொட்டை. இனிப்புத் தான், எண்டாலும் உதிலை செய்யிற வைனுக்கோ இந்த விலை எண்டு நினைச்சன்.

விலை ஏன் எண்டு விளங்க எனக்கு இரண்டு வருசம் எடுத்துது, அதையும் சைக்கிள் தான் படிப்பிச்சுது. கார்க்காரனுக்குத் தெரியாது, மிதிக்கிற காலுக்குத் தெரியும். சரிவின்ரை நடுவிலை இருக்கிற காணி தான் பெரிய பேர் எடுத்த காணி, மேலை ஏறினா மண் மெலிஞ்சு கல்லு, கீழை பெரிய ரோட்டுப் பக்கம் வந்தா மண் தடிப்பு, தண்ணி நிக்கும், வைன் விலையும் இறங்கும். கால் எங்கை களைக்கத் தொடங்குதோ அங்கை போத்திலின்ரை விலையும் ஏறத் தொடங்குது. அடியிலை எல்லாம் சுண்ணக்கல்லு. எங்கடை ஊரும் சுண்ணக்கல்லு தானே, கிணறு வெட்டினவைக்குத் தெரியும்.

காணி பிரிச்சு வைச்சிருக்கிறது தான் எனக்கு இன்னும் பிடிச்ச விசயம். வடக்கை குளோ த வூஜோ எண்டு ஒரு மதில் கட்டின தோட்டம், ஏறக்குறைய 50 ஹெக்ரயர், அதுக்குச் சொந்தக்காரர் 80 பேர் மட்டிலை. பிள்ளையளுக்குச் சமனாப் பிரிச்சுப் பிரிச்சு ஒருத்தருக்கு ரண்டு வரிசை, மூண்டு வரிசை எண்டு கூட வருமாம். ஹெக்ரயரும் வாயிலை வராது பழைய ஆக்களுக்கு, ஊவ்றே எண்டு ஒரு கணக்குச் சொல்லுவினம், ஒரு ஆள் ஒரு நாளிலை கொத்தக்கூடிய நிலம், 428 சதுர மீற்றர். எங்கடை ஊர்க் காணி அளவான பரப்புக் கணக்கிலை ஒண்டரைக்குக் கொஞ்சம் மேலை வரும். இதைக் கேட்ட அண்டைக்குத் தான் இந்த ஊர் எனக்கு விளங்கின மாதிரி இருந்தது, வேலி, எல்லை, சீதனக்காணி, பங்குக்கிணத்துக்குப் பிடிபடுற சண்டை எல்லாம் தெரிஞ்ச ஆள் தானே நான்.

2021 ஏப்ரில். கொரோனாவாலை ரெஸ்ரோரன்ற் எல்லாம் பூட்டு, இரவு 7 மணியிலை இருந்து விடிய 6 மணி மட்டும் ஊரடங்கு. அந்தச் சொல்லைக் கேட்டு இஞ்சத்தைச் சனம் பதறுது, நான் அதுக்குள்ளை வளந்தவன், அரிசி பருப்பு வாங்கி வைச்சிட்டு இருந்தன். நித்திரை வராமல் ஒருநாள் சரியா 6 மணிக்குச் சைக்கிளை எடுத்தா, மெர்சோப் பக்கம் சரிவு முழுக்க நெருப்பு. ஒரு நிமிசம் நெஞ்சு நிண்டிட்டுது. பிறகு தான் தெரிஞ்சுது, கடுங்குளிர் இறங்கி இளந்துளிர் கருகாமல் இருக்க வரிசைக்கு வரிசை வாளி வாளியா மெழுகுதிரி கொளுத்தி வைச்சிருக்கிறாங்கள், வைக்கோல் புகையும் போட்டிருந்தாங்கள். வெள்ளை வைனுக்குரிய ஷார்டொனே முந்தித் துளிர்க்கும், அந்த வருசம் அதுக்குத் தான் கூட அடி. அந்தக் குளிருக்கை எனக்குச் சைக்கிள் வித்த கிழவர் நிக்கிறார், முகம் முழுக்கக் கரி. என்னைக் கண்டிட்டு ஒண்டும் சொல்லேல்லை, திரி கொளுத்துற சாமானைக் கையிலை தந்தார். சூரியன் ஏறும் மட்டும் அணையிறதை அணையிறதைக் கொளுத்திக்கொண்டு திரிஞ்சன். அப்பவும் அவற்றை துளிர் முக்கால்வாசி கருகிப் போட்டுது.

அதுக்குப் பிறகு தான் கிழவர் என்னோடை நிண்டு கதைக்கத் தொடங்கினது. அதுக்கு முதல் நாலு வருசம் போன்ஜூர், அவ்வளவு தான். முந்திரிகையைப் பந்தலிலை ஏத்துறதெண்டு கடதாசியிலை கீறிக் காட்டினன், நிழலுக்கை பழம் எப்பிடிப் பழுக்கும் எண்டு கோவிச்சுக்கொண்டு போனவர், அடுத்த நாள் வந்து எங்கடை ஊரிலை வெயில் எவ்வளவு எண்டு கேட்டார்.

இஞ்சை ரியூப் காத்துப் போனா கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குவினம். நான் தண்ணி வாளியிலை அமத்தி, குமிழி வாற இடத்தைப் பாத்து, உரஞ்சி ஒட்டுப் போடுறதை கிழவற்றை பேரன் ஒருநாள் பாத்திட்டு ஏதோ மந்திரவாதியைக் கண்ட மாதிரி நிண்டவன். இப்ப ஞாயிறு காலமை ரண்டு மூண்டு பெடியள் சைக்கிளோடை வந்து கதவைத் தட்டுறாங்கள். போன கிழமை கிழவரும் தன்ரை பழைய பெஜோ சைக்கிள் ஒண்டைக் கொண்டு வந்து மதிலிலை சாத்திப்போட்டுப் போனவர், கல்யாணம் கட்டின வருசம் வாங்கினதாம். செயின் துருப்பிடிச்சுக் கிடந்தது, ஊற வைச்சுக் கழட்டியாச்சு. பின் பிறேக்குக்குத் தான் அந்த அளவிலை கட்டை கிடைக்கேல்லை, ஆரிட்டையும் இருந்தா சொல்லுங்கோ.