முற்றத்துப் புல்லை மீட்டெடுத்தல்: கிணற்றை மறவாத ஒரு முறை

யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புல்தரை பழைய வழக்கம் அன்று. மணல் பரப்பி, நாள்தோறும் விடியலிற் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் முற்றமே நமக்குப் பழகியது. பாம்பு வந்தால் கண்ணிற் படவேண்டும் என்பதும், நெல்லும் ஒடியலும் காயப்போட இடம் வேண்டும் என்பதும் அதற்குரிய நல்ல காரணங்களாக இருந்தன. எங்கள் பகுதியில் முன்முற்றத்துப் புல்தரை பரவியது, போர் ஓய்ந்த பின் கட்டப்பட்ட வீடுகளோடுதான். இன்று அவற்றிற் பல திட்டுத்திட்டாகக் கருகி, கோரையும் நெருஞ்சியும் ஏறிக் கிடக்கின்றன. திருத்தும் வழி தெரியாத வீட்டுக்காரர் மனம் சலித்து, முற்றம் முழுவதற்கும் இன்டர்லொக் கல் பதித்துவிடுகின்றனர். அப்படிச் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டுமே ஓடுவது. நாம் கிணற்றிலிருந்து இறைப்பது, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிய மழைநீரைத்தான். அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட வாரங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது முற்றத்தில் விழும் நீர் மண்ணுள் இறங்கினால் கிணற்றைச் சேரும். பதித்த கல்லின்மேல் விழுந்தால் வீதிக்கு ஓடிவிடும். புல்வேர் ஊடுருவிய மண் அந்த மழையைத் தாங்கி உள்வாங்கிக்கொள்ளும் என்பதே, முற்றத்திற் புல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம்.

ஆனால் அதே புல்லுக்காகக் கோடை முழுவதும் பம்பியைப் போட்டு இறைத்தால் அந்த நன்மை இல்லாமற் போகும். புல்தரைக்கு வாரத்துக்கு 25 மில்லிமீற்றர் நீர் வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நூறு சதுர மீற்றர் பரப்புக்கு அது 2,500 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கியை வாரந்தோறும் இரண்டரைத் தடவை நிரப்பி நிலத்தில் ஊற்றுவதற்குச் சமம். அயலிலுள்ள கிணறு உவராகிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய எவருக்கும் மனம் வரக்கூடாது. ஆகையால் மாரியில் தழைத்துக் கோடையில் உறங்கும் புல்தரையே நமக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்தக் கருத்தைச் சார்ந்தே வருகிறது.

அப்படி உறங்கி எழக்கூடிய புல் நம் வேலியோரத்திலேயே இருக்கிறது. திருமணத்திற்கு முன் பால் அறுகு வைக்கும்போதும், மார்கழியிற் சாணிப் பிள்ளையார் பிடிக்கும்போதும் நாம் தேடிப் பறிக்கும் அறுகுதான் அது. நிலத்தின் மேலே கொடியாகவும் கீழே வேர்த்தண்டாகவும் இருவழியிலும் பரவும். காரத்தன்மையுள்ள நமது மண்ணையும் ஓரளவு உவர் நீரையும் தாங்கும். மழை நின்றபின் மேலே பழுத்துக் காய்ந்தாலும் நிலத்துக்குள்ளே உயிரோடு கிடந்து, அடுத்த ஈரத்துக்குத் துளிர்க்கும். நாற்று மேடைகளில் பாளமாக வெட்டி விற்கும் அகன்ற இலைப் புல் நட்ட முதல் மாரியில் மிக அழகாகவே இருக்கும். ஆனால் அது ஈரமும் சற்றுப் புளிப்பும் உள்ள மண்ணை விரும்புவது. நமது சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளித்து, பங்குனி வெயிலில் முதலிற் கருகுவதும் அதுவே. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அன்போடு கொண்டுவரும் விதைப் பைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவற்றில் பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், ரை, பெஸ்கியூ முதலிய குளிர்நாட்டுப் புற்களே இருக்கும். 15 முதல் 24 பாகை வரையான வெப்பத்தில் நன்கு வளரும் அவை, இங்கே மார்கழியில் முளைத்தாலும் மாசி தாண்டுவது அரிது. அனுமதியின்றி விதை கொண்டுவருவது 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் முரணானது.

எதையும் நடுவதற்கு முன், வெறுமையான திட்டு ஏன் வெறுமையாயிற்று என்று பார்க்கவேண்டும். காரணம் நீங்காத இடத்தில் எத்தனை தரம் நட்டாலும் புல் நிலைக்காது. எங்கள் கோப்பாய் வீட்டின் வலப்புறத்தில் எது வைத்தாலும் கருகும் ஒரு திட்டு இருந்தது. அலவாங்கால் குத்திப் பார்த்தபோது ஒரு சாண் ஆழத்திற்குள்ளேயே இறுகிய சாந்துப் பாளம் தட்டுப்பட்டது. வீடு கட்டியபோது சீமெந்து குழைத்த இடம் அது. புதிய வீடுகளில் இது மிகப் பொதுவான குறை. சீமெந்தும் சுண்ணாம்புக் கல்தூளும் ஏற்கனவே காரமான மண்ணை மேலும் காரமாக்குவதால், அங்கே தண்ணீர் விட்டும் உரமிட்டும் பயன் இல்லை. பாளத்தைக் கிளப்பி அகற்றிவிட்டுத் தோட்டத்துச் செம்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து நிரப்புவது ஒன்றே வழி. வாகனம் ஏறி இறங்கும் தடத்தில் மண் இறுகியிருக்கும். ஈரமாயிருக்கையில் அலவாங்கை நெருக்க நெருக்கமாகக் குத்தி அசைத்துவிட்டால் காற்றும் நீரும் உட்புகும். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சையாக ஒரு வளையம் தெரிந்தால் அது நாய் சிறுநீர் கழிக்கும் இடம். நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிட்டாற் போதும். மாமரத்தின் கீழோ வேம்பின் கீழோ புல் தேய்ந்து போயிருந்தால் அதற்கு மருந்து இல்லை. அறுகு முழு வெயிலை வேண்டுவது. அந்த இடத்தை மணல் முற்றமாகவே கூட்டி வைத்திருப்பதுதான் முறை; நிழலில் ஒரு கதிரை போட்டு இருக்கவும் அது வசதி.

களைகளுள் கோரையோடுதான் உண்மையான போராட்டம். மேலே தெரியும் இலை கோரையின் சிறு பங்கே. கீழே கிழங்குகள் மெல்லிய வேர்த்தண்டுகளால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருக்கும். இலையைப் பிடுங்கினால் தண்டு அறுந்து, தனித்துவிட்ட ஒவ்வொரு கிழங்கும் முளைக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் உளவாரத்தால் செருக்கிவிட்டு, சில நாளில் அது முன்னிலும் அடர்ந்து வருவதைக் கண்டு மனமுடைபவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வேலைக்கு எடுத்த காலம் பிழை. எங்கள் பெரியம்மா, தோட்டம் செய்து பழகியவர், இதைச் சுருக்கமாகச் சொல்வார்: “தம்பி, மழைக்குள்ள கோரையோட மல்லுக்கட்டாதை. ஆவணி வெயிலிலை கிளறி விடு.” அவர் சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. கோரைக் கிழங்கு உலர்ச்சியைத் தாங்காது. ஆடி, ஆவணியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது, கோரை ஏறிய திட்டை மண்வெட்டியால் ஒரு முழம் வரை ஆழமாகக் கொத்திப் புரட்டி, கிழங்குகள் மேலே தெரியும்படி காயவிட்டு, சில நாள் கழித்து மீண்டும் புரட்டி, அகப்படுவனவற்றைக் கடகத்திற் பொறுக்கி எடுத்து எரித்துவிடவேண்டும். ஒரே ஆண்டில் முற்றாக ஒழியாது. ஆனால் கோரை நிழலுக்கு அஞ்சும் களை ஆதலால், எஞ்சியவற்றின்மேல் அறுகு அடர்ந்து மூடினால் ஆண்டுக்காண்டு அது மெலிந்துகொண்டே போகும்.

நெருஞ்சி ஓராண்டுக் களை. மஞ்சட் பூ தெரிந்தவுடன், முள் பிடிக்கும் முன், ஆணிவேரோடு எடுத்துவிட்டால் தொல்லை குறையும். முள் உதிர்ந்துவிட்ட இடத்தில் பழைய சாக்கை விரித்து இழுத்தால் பெரும்பகுதி அதிலே குத்திக்கொண்டு வந்துவிடும். பார்த்தீனியத்தை மட்டும் வெறுங்கையால் தொடவேண்டாம். தோலிலும் சுவாசத்திலும் ஒவ்வாமையை உண்டாக்கும் அந்தச் செடி முளைத்துச் சில வாரங்களிலேயே பூத்து, ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்கவேண்டும். பூத்துவிட்டதைக் கூட்டெருக் குழியிற் போடக்கூடாது.

களைநாசினி பற்றிப் பலரும் கேட்கின்றனர். இலங்கையில் 2015 இல் தடைசெய்யப்பட்டு 2022 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட கிளைபோசேற் களையையும் அறுகையும் வேறுபடுத்தாது கொல்லும். கிணற்றடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதைத் தெளிக்கவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

நடுவதற்கு ஏற்ற வேளை புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்த பின்னர். திட்டைக் கொத்தி, மக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பிற்குப் பரப்பிக் கலந்து, பள்ளம் மேடு இல்லாமல் நிரவி, உடனே நடாமல் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்திருப்பது நல்லது. அந்த ஈரத்துக்கு மண்ணில் உறங்கிய களை விதைகள் முளைத்துவிடும். அவற்றை உளவாரத்தால் மேலோடு செருக்கிவிட்டு நட்டால் பின்னால் படும் பாடு பாதியாகும். களையில்லாத இடத்திலிருந்து எடுத்த அறுகங்கொடியை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக, கணு மண்ணுள்ளும் நுனி வெளியிலும் இருக்க நட்டு, காலால் மெல்ல அமர்த்தி, மழை இடைவிடும் நாள்களில் மட்டும் நீர் ஊற்றவேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மார்கழிக்குள் திட்டு மூடிவிடும். வேலியிற் பொட்டு இருந்தால் அதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். இளம்புல்லைக் கட்டாக்காலி மாடு ஒரே இரவில் வேரோடு இழுத்துவிடும்.

உரத்தில் மிகுந்த நிதானம் வேண்டும். குளிர்நாட்டுப் புல்தரைக் குறிப்புகள் சுண்ணாம்பு இடச் சொல்லும்; சுண்ணாம்புக் கல்லின்மேல் குடியிருக்கும் நமக்கு அது வேண்டவே வேண்டாம். யூரியாவைத் தூவினால் ஒரு வாரத்திற் புல் பசுமையாகும் என்பது மெய்தான். ஆயினும் வேர் உறிஞ்சாது விட்ட நைதரசன், நைத்திரேற்றாக மாறி, அடுத்த மழையோடு கல்வெடிப்புகளின் வழியே கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. செறிவாகத் தோட்டம் செய்யும் நமது பகுதிகளில் பல கிணறுகள் அதை மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நீரிற் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலையே குறைக்கக்கூடியது. தோட்டக்காரர் பயிருக்காக இடுவதை நான் குறைகூற வரவில்லை. அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு நாமும் அதில் ஒரு பங்கு சேர்ப்பது நியாயம் அன்று. மாரி தொடங்கும்போது அரித்த எருவை மெல்லியதாகத் தூவுவதும், வெட்டிய புல்லை அள்ளி எறியாமல் அங்கேயே உதிரவிடுவதும் அறுகுக்குப் போதும்.

வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. மாரியில் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்திருக்கலாம். தை கடந்து மழை ஓய்ந்ததும் புல்வெட்டியின் அலகைச் சற்று உயர்த்திவிட வேண்டும். நீண்ட இலை தரைக்கு நிழல் தந்து ஈரத்தைக் காக்கும்.

பங்குனியிலிருந்து புல் பழுக்கத் தொடங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அவ்வாண்டு நட்ட இளம் திட்டுகளுக்கு மட்டும், பத்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில், ஆழமாக இறங்கும்படி நீர் விட்டாற் போதும். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். துணி தோய்த்த சவர்க்கார நீரைப் புல்லுக்கு விடவேண்டாம், அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கும். கிணற்றடி வாழைக்கு விடும் வழக்கத்தை அப்படியே தொடரலாம். சித்திரையில் சிறுமழை பெய்தால் அறுகு ஒரு தரம் துளிர்க்கும், அதனோடு கோரையும் தலைகாட்டும். எந்தெந்த இடத்தில் கோரை வருகிறது என்று அப்போது பார்த்துத் தடி நட்டு அடையாளம் வைத்துவிட்டால், ஆடியில் மண்வெட்டியோடு இறங்கும்போது முற்றம் முழுவதையும் கொத்தவேண்டி வராது.